கொழும்பா, வீட்டு விறாந்தையா? ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குத் திருகோணமலையில் எந்த வழி

அக்காவின் மகனுக்கு மூன்று வயது முடிந்த மாதம், உப்புவெளியில் அவள் வீட்டுக் குசினியில் நாங்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்தோம். அக்கா, அத்தான், அம்மா, நான். மேசையில் பிள்ளையின் கிளினிக் கொப்பி கிடந்தது. அதற்குள் மடித்து வைத்த கடிதத்தில் ஓட்டிசம் என்று எழுதியிருந்தது. அவன் வாசற்படியில் இருந்து சிரட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். பைப்பில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடிவருவான்.

கொழும்புக்கே குடிபோய்விடுவோம் என்றார் அத்தான். டவுனிலேயே விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான ஒரு நிலையத்தில் சேர்த்துவிட்டால் போதும் என்பது அக்காவின் எண்ணம். "கொஞ்சம் பொறுங்கோ, உங்கட மாமாவும் நாலு வயசிலதான் கதைச்சவர்" என்றார் அம்மா. நான் முன்பள்ளி ஆசிரியை. எங்கள் நேர்சரிக்கு அனுப்புங்கள் என்றேன். அன்றைக்கு முடிவு வரவில்லை. பிறகு ஆறு மாதம், வாசித்தும் விசாரித்தும் நேரில் போய்ப் பார்த்தும், ஒவ்வொரு வழியையும் எடைபோட்டோம். நேர்சரி கேற்றடியில் இதே கேள்வியோடு என்னிடம் வரும் தாய்மார் இப்போது கூடியிருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும், வழியே அதைப் பொறுத்துத்தான் மாறும். மற்றவர்களோடு தொடர்புகொள்ளும் விதத்திலும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதிலும், சத்தம், வெளிச்சம், தொடுகை ஆகியவற்றை உணர்வதிலும் தெரிகிற வேறுபாடு ஓட்டிசம். 1943இல் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது மருத்துவத்தில் தனியாக அறியப்பட்டது. அறிவுத்திறன் குறைபாடு வேறு. அதில் விளங்கிக்கொள்வது, யோசித்துச் செய்வது, உடுத்துவது, காசு எண்ணுவது என்று அன்றாடத் திறன்கள் பொதுவாகவே வயதுக்குப் பிந்தி வரும். இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தும் இருக்கலாம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓட்டிசம் உள்ள 8 வயதுப் பிள்ளைகளில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் கூடுதலானோருக்கு அறிவுத்திறன் குறைபாடும் இருந்தது. அதாவது பெரும்பாலானோருக்கு இல்லை. ஆகவே பிள்ளை கதைக்கவில்லை என்பதை வைத்து அவனுக்கு ஒன்றும் விளங்காது என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எங்கள் பையன் ஒரு சொல்லும் பேசாத நாளிலேயே, அலுமாரிக்கு மேல் ஒளித்து வைத்த பிஸ்கட் டின்னுக்குக் கதிரையை இழுத்துப் போட்டவன்.

அம்மா சொன்ன வழியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அநேகமான வீடுகளில் நடப்பது அதுதான். பொறுத்துப் பார்ப்பதும் ஒரு தெரிவுதான், அதற்கும் விலை உண்டு. பிந்திக் கதைத்து, பிறகு எல்லோரையும் போல வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், உண்மை. ஆனால் ஒன்றரை வயதிலும் ஒரு பொருளைச் சுட்டிக்காட்டவில்லை, பெயருக்குத் திரும்பவில்லை, வந்த சொற்களே மறைந்துவிட்டன என்றால் அது மாமாவின் கதை இல்லை. 2009இல் வெளிவந்த இலங்கை ஆய்வொன்றில், பேராசிரியர் ஹேமமாலி பெரேராவின் குழு 18 முதல் 24 மாதப் பிள்ளைகள் 374 பேரைப் பரிசோதித்தது. 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓட்டிசம் தெரிந்தது. தாய்மாரிடம் கொடுத்த கேள்வித்தாள் மட்டும் அந்தப் பிள்ளைகளில் அநேகரைப் பிடிக்கத் தவறியது. வீட்டுக் கண்ணுக்குச் சில விஷயங்கள் பழகிப்போய்விடும். இதில் தாயைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. சந்தேகம் வந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனை வழியாக மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். முதலில் செவிப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். காது கேட்காத பிள்ளையும் பெயருக்குத் திரும்பாது.

இதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டிலும் தடுப்பூசி மேல் பழி விழுந்தது. அந்தச் சந்தேகத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதப்பட்டது. அதை வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அக்காவின் இரண்டாவது பிள்ளைக்கு ஊசி போடுவதா வேண்டாமா என்று மூன்று மாதம் அந்த வீட்டில் சண்டை. அந்த மூன்று மாதம் ஒருவருக்கும் பிரயோசனப்படவில்லை.

சரி, கொழும்பு. அங்கே இருப்பது இங்கே இல்லை என்பதை ஒளிக்க முடியாது. லேடி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி இருக்கிறது. றாகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த அயாட்டி நிலையம் இருக்கிறது. மருத்துவர், பேச்சுச் சிகிச்சையாளர், அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ்ப் பிள்ளையைப் பார்ப்பது பெரிய விஷயம். பிள்ளைக்கு வலிப்பு வருகிறது, அல்லது பெற்ற திறன் திடீரென்று போய்விட்டது, அல்லது இங்கே சொன்ன முடிவு உங்களுக்குத் தெளிவாகவில்லை என்றால், கடன் வாங்கியாவது ஒரு தரம் போய் முழுப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள் என்பேன்.

ஆனால் ஒரு தரம் போய் வருவது வேறு, கிழமைக்குக் கிழமை போவது வேறு, குடிபோவது வேறு. வீதி வழியே ஏறக்குறைய 260 கிலோமீற்றர். இரவு ரயிலில் ஏறினால் விடிய இறங்கலாம். ஆனால் ரயிலின் ஹோர்ன் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு அழும் பிள்ளை, மறுநாள் காலை தெரியாத அறையில், தெரியாத ஆளோடு, முக்கால் மணி நேரத்தில் எதைக் கற்கும்? அத்தானுக்குச் சீனன்குடாவில் வேலை. குடிபோவதென்றால் அக்காவும் பிள்ளைகளும் மட்டும் வாடகை அறையில் இருக்க வேண்டும். அம்மம்மா இல்லை, நான் இல்லை, முற்றம் இல்லை. தமிழில் வேலை செய்யும் பேச்சுச் சிகிச்சையாளர் கொழும்பிலும் எளிதில் கிடைப்பதில்லை.

தொலைபேசியில் விசாரித்தபோது ஒரு தனியார் நிலையம் சொன்ன இரண்டு விஷயங்கள் அக்காவைப் பல நாள் தூங்கவிடவில்லை. கிழமைக்கு 40 மணி நேரம் பயிற்சி கொடுக்காவிட்டால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும் என்பது ஒன்று. வீட்டில் தமிழை விட்டு ஆங்கிலத்தில் மட்டும் கதையுங்கள் என்பது மற்றது.

அந்த 40 மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். ஐவர் லோவாஸ் 1987இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு அது. 19 பிள்ளைகளுக்குக் கிழமைக்கு 40 மணி நேரம் ஒருவருக்கு ஒருவராகப் பயிற்சி கொடுத்து, 9 பேர் சாதாரண வகுப்புக்குப் போனார்கள் என்று எழுதினார். அதே ஆய்வில் உரத்த குரலில் அதட்டுவதும் சில வேளைகளில் தொடையில் அடிப்பதும் பயிற்சியின் பகுதியாக இருந்தன. பயிற்சி பெறுவோர், பெறாதோர் என்று பிள்ளைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவும் இல்லை. அப்படியொரு ஆய்வின் எண்ணைத் தூக்கி ஒரு தாயின் தலையில் வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

மொழி விஷயம் எனக்கு இன்னும் கோபம் தருவது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்பதையே ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. திருகோணமலையில் ஒரு கடைக்குப் போய்வருவதற்குள் பிள்ளையின் காதில் மூன்று மொழி விழும். அதைத் தடுக்கத் தேவையில்லை. அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அக்காவுக்கும் கொஞ்சம்தான். தாய்க்குத் தாலாட்ட வராத மொழியில் பிள்ளை யாரோடு கதைக்கப் பழகும்? வீட்டில் எந்த மொழியில் கோபமும் கொஞ்சலும் வருகிறதோ அந்த மொழியிலேயே கதையுங்கள்.

விசேட நிலையம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நல்ல நிலையம் நல்லதுதான். அறிவுத்திறன் குறைபாடு கூடுதலாக உள்ள, தானாகச் சாப்பிடவும் கழிவறைக்குப் போகவும் பழக வேண்டிய பிள்ளைக்கு, அதற்கென்றே பொறுமையாக நேரம் ஒதுக்கும் இடம் தேவை. தாய்க்கும் நாளில் நாலு மணி நேரம் மூச்சு விடக் கிடைக்கும். சேர்ப்பதற்கு முன் ஒரு காலை முழுவதும் அங்கே உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் ஏதாவது செய்துகொண்டிருக்கிறார்களா, அல்லது கதிரையில் இருத்தி வைக்கப்பட்டிருக்கிறார்களா என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். உள்ளே வந்து பார்க்க விடாத இடம் எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும் வேண்டாம்.

சாதாரண நேர்சரி, அதன்பின் விசேட கல்வி அலகு உள்ள பாடசாலை. இது என் பக்கத்து வழி என்பதால் அதன் குறையையும் நானே சொல்லவேண்டும். 25 பிள்ளைகள் ஒரே நேரத்தில் பாட்டுப் பாடும் அறை, ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு இடி விழுவது போல இருக்கலாம். ஆசிரியைக்குப் பயிற்சியும் உதவிக்கு இன்னொரு கையும் இல்லாவிட்டால், அவன் மூலையில் தனியே இருந்துவிட்டு வீட்டுக்குப் போவான். எங்கள் நேர்சரியில் முதல் மாதம் அப்படித்தான் நடந்தது. பிறகு அவனுக்கு அரை மணி நேரம் மட்டும் வைத்தோம். மணல் விளையாட்டுக்கு வந்து, அது முடிய, பாட்டு நேரத்துக்கு முன்பே போய்விடுவான். அது சரிவந்தது. மற்றப் பிள்ளைகளின் நடுவே நடப்பதைத் தனி அறை தராது. வரிசையில் நிற்பது, பந்தை உருட்டிவிட்டுக் காத்திருப்பது, "என்னோட வா" என்று ஒரு மூன்று வயதுப் பெண்பிள்ளை கையைப் பிடித்து இழுப்பது, இவற்றை நான் பாடமாகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

பாடசாலை மறுத்தால் என்ன செய்வது என்று பயப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது. அதிபரிடம் சண்டைக்காகச் சொல்லத் தேவையில்லை. கெஞ்சும் குரலில் போகாமலிருக்க இது உதவும்.

இனி விறாந்தை, அதாவது வீட்டிலேயே நாங்கள் பழக்கும் வழி. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். எங்கள் பையன் நாளில் 12 மணி நேரம் விழித்திருக்கிறான். மாதத்துக்கு 360 மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் சிகிச்சையாளரிடம் போனால் மீதி 359 மணி நேரம் யாரோடு? தாயோடு, அம்மம்மாவோடு, சிரட்டையோடு. அந்த நேரத்தை மாற்றினால் என்ன நடக்கும் என்பதைத்தான் பெற்றோர் வழிச் சிகிச்சை ஆய்வுகள் கேட்டன. இங்கிலாந்தில் 152 பிள்ளைகளோடு தொடங்கிய ஆய்வின் முதல் முடிவு 2010இல் வந்தது. ஏறக்குறைய ஆறு வருஷம் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் பார்த்து 2016இல் எழுதினார்கள். பெற்றோர் பயிற்சி பெற்ற குழுவில் ஓட்டிசத்தின் தீவிரம் குறைவாகவே நீடித்தது. பதட்டம் போன்றவற்றில் வித்தியாசம் வரவில்லை. எல்லாம் மாறிவிடும் என்று யாரும் அதில் வாக்குக் கொடுக்கவில்லை.

அதைவிட எங்களுக்கு நெருக்கமானது கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்தது. அதே முறையைத் தெற்காசிய வீடுகளுக்கு ஏற்ப மாற்றி, சிறப்புப் பட்டம் இல்லாத சுகாதாரப் பணியாளர்களைப் பழக்கி, 12 சந்திப்புகளில் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 65 பிள்ளைகள். முடிவு 2016இல் வந்தது. பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு ஒத்துப் பதில் கொடுப்பது கூடியது, பிள்ளை தானாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. இருவரும் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரம் மட்டும் குறைந்தது. இலங்கையிலும் ஹேமமாலி பெரேரா குழு 2016இல் வீட்டுவழிப் பயிற்சியின் பலனை ஆராய்ந்து முன்னேற்றம் கண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பராமரிப்பாளர்களுக்காக, 9 குழு வகுப்பும் 3 வீட்டுச் சந்திப்பும் கொண்ட பயிற்சியை எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் முன்பள்ளி ஆசிரியைகளையும் குடும்பநல உத்தியோகத்தர்களையும் இதற்குப் பழக்கினால் எவ்வளவு பிள்ளைகளைத் தொடலாம் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

இங்கிலாந்திலும் கோவாவிலும் பயன்படுத்திய அந்த முறையின் நடு நரம்பு வீடியோ. அக்கா போனைச் சுவரில் சாய்த்து வைத்து, அவனோடு விளையாடிய எட்டு நிமிஷத்தைப் பதிவு செய்தாள். அவன் தூங்கிய பிறகு இரண்டு பேரும் பார்த்தோம். எட்டு நிமிஷத்தில் அக்கா 41 கேள்வி கேட்டிருந்தாள். இது என்ன, என்ன நிறம், எத்தனை இருக்கு, எங்கே சொல்லு பாப்பம். அவன் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. ஆனால் மூன்று தரம் ஒரு சிரட்டையை அவள் முழங்கால் பக்கமாகத் தள்ளியிருந்தான். மூன்று தரமும் அவள் அதைக் காணவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அதைப் பார்த்ததும் அக்கா அழுதாள். அவன் என்னைக் கூப்பிட்டிருக்கிறான், நான்தான் திரும்பவில்லை என்றாள்.

மறுநாள் அவள் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் குந்தி, தானும் நாலு சிரட்டை எடுத்து அவன் அடுக்குவது போலவே அடுக்கினாள். கொஞ்ச நேரத்தில் அவன் கை நின்றது. அவள் சிரட்டையைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். ஒன்றைத் தள்ளினான். "இந்தா" என்று அவள் ஒரு சொல் மட்டும் சொல்லித் திருப்பித் தள்ளினாள். இப்படி ஒவ்வொரு நாளும் குளிக்க முன் பத்து நிமிஷம். நாலாவது கிழமை அவன் தள்ளும்போது "ந்தா" என்றான்.

இந்த வழியின் ஆபத்தையும் மறைக்கக்கூடாது. பாரம் எல்லாம் தாய் தலையில் இறங்கும். பிள்ளை முன்னேறாத கிழமையில் அவள் தன்னையே குற்றம் சொல்லுவாள், சொந்தக்காரரும் சேர்ந்து சொல்லுவார்கள். ஆகவே வீட்டு வழி என்றால் தகப்பனும் அம்மம்மாவும் பங்கெடுக்க வேண்டும், கிழமையில் ஒரு பின்னேரம் தாய்க்குத் தனியாக வேண்டும். அத்தான் அந்த வீடியோவைப் பார்த்த பிறகு சனிக்கிழமைகளைத் தன் கையில் எடுத்தார். கோட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் மான்களைக் காட்டுவார். அவன் மானைக் கண்டால் அசையாமல் நிற்பான். அத்தானும் பேசாமல் பக்கத்தில் நிற்பார்.

எங்கள் வீட்டுக்கு இது பொருந்தியது. ஆனால் மூதூருக்குத் தெற்கே, வெருகல் பக்கத்தில், ஒரு வருஷம் முன்பள்ளி வேலை செய்தபோது கண்ட குடும்பத்துக்குக் கேள்வியே வேறாக இருந்தது. அவர்கள் கரையோர வேடர், இந்த நாட்டுப் பூர்வகுடிகள். தமிழ் பேசுகிறவர்கள். தங்கள் மூதாதையரை நினைத்துத் தங்களுக்கென்று சடங்கு வைத்திருப்பவர்கள். 2004இல் சுனாமி, 2006இல் இடம்பெயர்வு என்று எல்லாம் பட்டுத் திரும்பி வந்தவர்கள். அந்த வீட்டுப் பெண்பிள்ளைக்கு ஏழு வயது, அறிவுத்திறன் குறைபாடு. எண்ணுவது பத்தைத் தாண்டாது. ஆனால் அம்மம்மாவோடு களப்பில் இறங்கினால் எந்தச் சேற்றில் மட்டி இருக்கும் என்று கால் விரலால் தடவிச் சொல்லுவாள். தூரத்து நகரம் ஒன்றில் விடுதியோடு சேர்ந்த இடம் இருக்கிறது, அனுப்புங்கள் என்று நல்ல மனதோடு ஒருவர் சொன்னார். சாப்பாடு, படிப்பு, சிகிச்சை எல்லாம் அங்கே உண்டு.

விடுதியா, களப்பா? இந்த இடத்தில் மற்ற நாட்டுப் பூர்வகுடிகளின் அனுபவம் எனக்கு வழிகாட்டியது. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதிப் பாடசாலைகளில் வைத்ததற்கு அந்த நாட்டுப் பிரதமர் 2008இல் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அது அரசு கட்டாயப்படுத்திச் செய்தது. நம் ஊரில் உதவி செய்ய வந்தவரை அதோடு ஒப்பிட மாட்டேன். ஆனால் பிரிவின் விலையைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை அது கற்பிக்கிறது. 1998இல் சாண்ட்லர், லலோண்ட் என்ற இருவர், பிரிட்டிஷ் கொலம்பியாவின் பூர்வகுடிச் சமூகங்களில் இளைஞர் தற்கொலையை ஆராய்ந்தார்கள். தங்கள் பாடசாலை, சுகாதார சேவை, நிலம், பண்பாட்டு இடம் போன்றவற்றைத் தங்கள் கையில் வைத்திருந்த சமூகங்களில் அது குறைவு. அவர்கள் பார்த்த ஆறு அடையாளங்களும் இருந்த சமூகங்களில் அந்த ஆய்வுக் காலத்தில் ஒரு இளைஞர் தற்கொலையும் பதிவாகவில்லை. அது இயலாமை பற்றிய ஆய்வு இல்லை. ஆனாலும் ஒரு பிள்ளை தன் ஆட்களோடு, தன் மண்ணோடு தொடர்ந்து இருப்பதன் பெறுமதியை நான் அதிலிருந்துதான் எண்ணப் பழகினேன்.

மேற்கு அவுஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் பள்ளத்தாக்கில் நடந்ததும் என் மனதில் நிற்கிறது. கர்ப்பத்தில் மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் வளர்ச்சி பற்றி ஆராய வேண்டும் என்று 2009இல் அந்தப் பூர்வகுடிப் பெண்களே முன்வந்து கேட்டார்கள். லிலில்வான் என்று பெயரிட்ட அந்த ஆய்வில் 108 பிள்ளைகள் பரிசோதிக்கப்பட்டார்கள். வெளியிலிருந்து வந்து அளந்துவிட்டுப் போகும் வேலையாக அது இருக்கவில்லை. நியூசிலாந்து மாவோரி மொழியில் ஓட்டிசத்துக்கு 2017இல் ஒரு சொல் உருவாக்கிச் சேர்த்தார்கள்: தாகிவாதங்கா. தன் நேரத்தில், தன் இடத்தில் இருப்பது என்ற கருத்திலிருந்து வந்தது. எங்கள் கிளினிக் கடிதங்களில் உள்ள சொற்களில் இப்படி ஒன்று இல்லையே என்று இருந்தது எனக்கு.

அந்தக் குடும்பத்துக்கு நான் சொன்னது இது. விடுதி வேண்டாம். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைப் பிடித்து உதவித்தொகைக்குப் பதியுங்கள். கிட்டிய பாடசாலையில் கிழமைக்கு மூன்று நாள். மீதி நாள் அம்மம்மாவோடு களப்பு, மட்டியை எண்ணிக் கூடையில் போடுவதே கணக்குப் பாடம். வீட்டில் அடி, குடி, பட்டினி என்றிருந்தால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். அங்கே அது இருக்கவில்லை. பிள்ளையை விளங்கிக்கொண்ட ஒரு கிழவி இருந்தார்.

உப்புவெளியில் கடைசியாக எடுத்த முடிவு, கொழும்புக்குக் குடிபோவதில்லை என்பதுதான். வருஷத்தில் இரண்டு தரம் றாகமை, மாதம் ஒரு தரம் இங்கே பொது வைத்தியசாலைக் கிளினிக், காலையில் நேர்சரி, குளிக்க முன் பத்து நிமிஷம் விறாந்தை. வாடகைக்கென்று ஒதுக்கிய காசில் கொஞ்சத்தை எடுத்து, நேர்சரியில் அவனுக்குத் துணையாக ஒரு இளம்பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறோம். அத்தானுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. ஆறு மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் போவோம் என்று தவணை வைத்தார். அந்தத் தவணை இரண்டு தரம் கடந்துவிட்டது.

வருகிற ஜனவரி 31க்குள் அவனுக்கு ஐந்து வயது முடியும். முதலாம் வகுப்புக்கு விண்ணப்பம் போட வேண்டும். போன கிழமை அக்காவும் நானும் விசேட கல்வி அலகு உள்ள ஒரு பாடசாலைக்குப் போனோம். அந்த அலகின் ஆசிரியை எங்களை உள்ளே இருத்தி, பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று முதலில் கேட்டார். சிரட்டை, தண்ணீர், மான் என்றாள் அக்கா. அவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார், மணி அடிக்காத நேரமாகப் பார்த்து.